சலரோகக்காரருக்கு வயிற்றுக்குத்து: அமிலமா, வேறேதுமா?

வன்னிப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதாக வரும் டொக்டர்மாருக்கு இது. சலரோகக்காரர் சத்தியும் வயிற்றுக்குத்துமாக வந்தால் முதலில் விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள், கூடவே கீற்றோனையும் (இன்சுலின் போதாமல் கொழுப்பு எரியும்போது உண்டாகி இரத்தத்தில் அமிலத்தை ஏற்றும் பொருள்), ஏனென்றால் எம்பாகிளிஃப்லோசின் போன்ற, சீனியைச் சிறுநீரில் வெளியேற்றும் குளிசை எடுப்பவருக்குச் சீனி 200 mg/dLக்குக் கீழே நிற்கும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம். மூச்சு ஆழமாக இழுக்கிறதா என்றும் கவனியுங்கள். ஈசிஜி எடுக்காமல் விடாதீர்கள், மாரடைப்பு மேல்வயிற்று நோவாகவும் வரலாம்.

அமிலம் உறுதியானால் நான் முதலில் கேட்பது இரத்தத்தில் பைகாபனேற் எவ்வளவு என்றுதான்; அமிலத்தைச் சமன்செய்வது அது, அது குறையக் குறைய அமிலம் கடுமை. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் அது 5 mmol/Lக்குக் கீழே போனவர்களில் 86 சதவீதத்தினருக்கு வயிற்றுவலி இருந்தது, 15க்கு மேல் நின்றவர்களில் 13 சதவீதத்தினருக்குத்தான். ஆகவே அமிலம் லேசு, வலி மட்டும் பலம் என்றால் அந்த வலிக்கு வேறு காரணம் தேடவேண்டும். பித்தப்பை, குடல்வால், சிறுநீரகத் தொற்று, பெண் என்றால் கர்ப்பமும்.

அமிலம் கடுமையென்றால் சேலைன், இன்சுலின் ஏற்றிக்கொண்டே மணிக்கொருதரம் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அமிலம் இறங்க வலியும் இறங்கவேண்டும். அமிலம் இறங்கியும் வலி அப்படியே நின்றால், அல்லது ஒரே இடத்தில் குவிந்து வயிறு பலகை மாதிரி இறுகினால், காத்திருக்காமல் சத்திரசிகிச்சை டொக்டரைக் கூப்பிடுங்கள். வயிறு ஊதிக்கொண்டு வந்தால் பொட்டாசியத்தைப் பாருங்கள், அது குறைந்தாலும் குடல் அசையாது.

இரத்தப் பரிசோதனை ஏமாற்றும். வெள்ளையணு 15,000 வரை தொற்று இல்லாமலே ஏறும், 25,000 தாண்டினால்தான் எனக்குச் சந்தேகம் வலுக்கும். காய்ச்சல் இல்லை என்பதை நம்பித் தொற்றைத் தள்ளிவிடவும் முடியாது. கணைய நொதிகளான அமிலேசும் லைபேசும்கூடச் சும்மா உயரும். ஆனால் எடுத்த இரத்தம் பால் கலந்ததுபோல் இருந்தால் கொழுப்பு ஏறிக் கணையம் அழன்றிருக்கலாம்.

எங்கட பக்கத்துக்கு இன்னொன்று: நிலத்தில் பாயில் படுத்தவர் விடியப்புறம் வயிற்றுக்குத்தோடு எழும்பினால், சலரோகக்காரர் என்றாலும் கண்ணிமை சரிகிறதா பாருங்கள். கட்டுவிரியன் பாம்பு கடித்திருக்கலாம்; அது கடித்த இடம் பலருக்குத் தெரிவதே இல்லை.

கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ அனுப்புவதென்றால் சேலைனைத் தொடங்கிவிட்டே ஏற்றுங்கள், வலி எப்போது தொடங்கியது, சத்திக்கு முன்னா பின்னா என்பதைத் துண்டில் எழுதுங்கள். சத்திரசிகிச்சை வேண்டிய வயிற்றில் பெரும்பாலும் வலிதான் முந்தும்.