சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: தூரமும் நேரமும் நாமே கணக்குப் போடுவது எப்படி?

அமெரிக்கா போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் ஒருத்தர் 20 மணி நேரம் என்பார், இன்னொருத்தர் ரெண்டு நாள் என்பார். கணக்கை நாமே போட்டுவிடலாம், கம்பசூத்திரம் ஒன்றுமில்லை.

முதலில் தூரம். சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், அது ஏமாற்றும். வீட்டில் குளோப் இருந்தால் ஒரு நூலின் நுனியைச் சென்னையில் அமுக்கிக்கொண்டு மறுநுனியை சான் பிரான்சிஸ்கோ வரை விறைப்பாக இழுத்துப் பாருங்கள்: நூல் நேர் கிழக்கே போகாமல் சீனா, சைபீரியா என்று வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, அலாஸ்கா வழியாக இறங்கும். அதுதான் குறுக்கு வழி, சுமார் 13,900 கிலோமீட்டர்.

ஆனால் இங்கிருந்து நேரடி விமானம் கிடையாதே. துபாய் வழியாகப் போனால் 2,900, அப்புறம் 13,000, மொத்தம் 15,900 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். (சிங்கப்பூரும் நமக்கு அதே 2,900தான், என்ன, எதிர்த்திசை.)

நேரத்துக்கு என் கணக்கு இது: ஒவ்வொரு விமானத்துக்கும் கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேருங்கள். துபாய்க்கு 4 மணி, அங்கிருந்து 16 மணி என்று ஏறக்குறைய சரியாக வரும். காற்றையும் மறக்கக் கூடாது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் இருப்பதால், சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போக சுமார் 15 மணி, திரும்பி வர 17 மணி கூட ஆகும்.

டிக்கெட்டில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம், இங்கேதான் பலர் குழம்புவது. ஜனவரியில் சென்னையில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி அதே நாள் மதியம் 1 மணிக்கு சான் பிரான்சிஸ்கோவில் இறங்குவதாகப் போட்டிருந்தால், 9 மணி நேரப் பயணம் என்று சந்தோஷப்பட வேண்டாம். அந்த ஊர் நமக்கு 13½ மணி நேரம் பின்னால் இருக்கிறது, அதையும் கூட்டினால் 22½. பறப்பது 20, துபாயில் காத்திருப்பது 2½. மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவதால் வித்தியாசம் 12½ ஆகிவிடும். திரும்பி வரும்போது இந்த வித்தியாசத்தைக் கூட்டாமல் கழிக்க வேண்டும்.

இதோடு மீனம்பாக்கத்தில் 3 மணி நேரம் முன்னாடி நிற்பது, அங்கே இறங்கியபின் இமிகிரேஷன் வரிசை, பெட்டி வருவது எல்லாம் சேர்த்தால் வீட்டு வாசலிலிருந்து வாசல் 28 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரான்சிட், அதாவது நடுவில் விமானம் மாறக் கிடைக்கும் நேரம், 2 மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் நான் எடுக்க மாட்டேன், வயசான அப்பா அம்மா தனியாகப் போகிறார்கள் என்றால் 4 மணி நேரமாவது இருக்கட்டும்.

இன்னொன்று, நம்ம ஊரிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு விமானங்களில் நிறைய நள்ளிரவுக்கு மேல்தான். 15ஆம் தேதி அதிகாலை 4 மணி என்றால் 14ஆம் தேதி ராத்திரியே, 12 மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும், அந்நேரத்துக்கு மெட்ரோவும் இருக்காது, கால்டாக்சியை முன்னாடியே சொல்லி வையுங்கள்.