தண்டனைத் தேதியைத் திருத்தக் கேட்கும்போது நேரும் தவறுகள்

‘கைதான நாளிலிருந்தே தண்டனை தொடங்கியதாகத் தேதியை மாற்றித் தர வேண்டும்’ என்று மனு எழுதினால், அந்த வரியிலேயே மனு பாதி தோற்றுவிடுகிறது. தண்டனையின் தொடக்கம் வேறு. விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்களைத் தண்டனையில் கழிப்பது வேறு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவு தந்த இந்தக் கழிப்பு உரிமை, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 468-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. கையெழுத்திட்ட தீர்ப்பில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறெதையும் அதே நீதிமன்றம் மாற்ற முடியாது. எனவே தேதியை மாற்றக் கேட்காதீர்கள். விட்டுப்போன நாட்களைக் கழிக்கக் கேளுங்கள்.

அடுத்தது, நாட்களை நினைவிலிருந்து எண்ணுவது. ஜாமீன் உத்தரவு கிடைத்த நாளையே வெளியே வந்த நாளாகப் பலரும் குறித்துவிடுகிறார்கள். பிணையாளர்களைத் திரட்டி, பத்திரம் கொடுத்து, கதவு திறக்கப் பல நாட்கள் ஆகியிருக்கும். அவையும் காவல் நாட்களே. இடையில் ஜாமீன் ரத்தாகி மறுபடி உள்ளே போனவருக்கு இரண்டு மூன்று தவணைகள் சேரும். சிறைப் பதிவேட்டில் உள்ள சேர்க்கை, விடுதலைத் தேதிகளைச் சான்றாக வாங்கி, மனுவில் தவணை வாரியாக எழுதுவதே பாதுகாப்பு.

பெரிய குழப்பம் இரண்டு வழக்குகள் உள்ளவர்களுக்குத்தான். ஒரு வழக்கில் சிறையில் இருப்பவரை இன்னொரு வழக்கில் முறைப்படி கைது காட்டி ரிமாண்ட் செய்யாதவரை, அந்த நாட்கள் இரண்டாவது வழக்கில் சேராது. இரண்டிலும் விசாரணைக் கைதியாக இருந்திருந்தால் இரண்டிலுமே கழிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் நஜாகத் அலி வழக்கில் கூறியது. ஆனால் முதல் வழக்கில் தண்டனைக் கைதியாக இருந்த நாட்களை இரண்டாவதில் கேட்க முடியாது. ஏற்கெனவே தண்டனை அனுபவிப்பவருக்கு வேறு வழக்கில் விதிக்கப்படும் தண்டனை, ஏககாலத்தில் அனுபவிக்க நீதிமன்றம் உத்தரவிட்டாலன்றி, முந்தையது முடிந்த பிறகே தொடங்கும்.

அபராதம் கட்டாததற்கான சிறையில் கழிப்பு கிடையாது. மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு வெளியே இருந்த காலமும் கணக்கில் வராது.

யாரிடம் கேட்பது என்பதிலும் தவறு நடக்கிறது. சிறை நிர்வாகம் தன் கையில் உள்ள தண்டனை வாரண்டின்படிதான், அதாவது தண்டனையை நிறைவேற்ற நீதிமன்றம் அனுப்பிய ஆணையின்படிதான் நடக்கும். எனவே முதலில் வாரண்டையும் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் படியுங்கள். வாரண்டில் பிழை என்றால் தண்டனை விதித்த நீதிமன்றம். வாரண்ட் சரியாக இருந்து கூட்டல் தவறு என்றால் சிறைக் கண்காணிப்பாளர். இருவரும் மறுத்தால் உயர் நீதிமன்றம். காவலில் உள்ள எவருக்கும் வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தர வேண்டும். விடுதலை நெருங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மனு விசாரணைக்கு வருவதற்குள் கூடுதலாகக் கழிந்த நாட்களை எந்த உத்தரவும் திருப்பித் தராது.