மூன்றாம் தவணை முடிவதற்குள்: கொழும்புப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்ததும் வீட்டில் ஒரு தளர்ச்சி வந்துவிடும். ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்துவார்கள், பிள்ளைகள் பரிசளிப்பு விழாவுக்கு ஒத்திகை பார்ப்பார்கள், பாடம் பெரிதாக நடக்காது. "இனி அனுப்பி என்ன" என்று பல பெற்றோர் பிள்ளையை மறித்துவிடுவார்கள். ஆனால் வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், அதிபர் மூவரையும் ஒரே நாளில் பிடிக்கக்கூடிய காலம் அந்த இரண்டு வாரம்தான். கேட் பூட்டிய பிறகு ஒரு கையொப்பம் தேவைப்பட்டால் ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். ஜனவரியில் அலுவலக வாசலில் முதலாம் தரப் பிள்ளைகளின் பெற்றோர் வரிசையாக நிற்பார்கள்.

முதலில் திகதியை உறுதி செய்யுங்கள். டிசம்பர் என்று மனக்கணக்குப் போட வேண்டாம். கொவிட்டும் 2022 பொருளாதார நெருக்கடியும் பாடசாலை நாட்காட்டியையே தள்ளிவிட்டன. 2023க்கான கல்வியாண்டு மார்ச் இறுதியில் தொடங்கியது, 2024க்கானது பெப்ரவரியில், 2025க்கானது ஜனவரி 27இல். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பை ஒட்டித் தனி நாட்காட்டி உண்டு. பரீட்சை நிலையமாகவோ விடைத்தாள் திருத்தும் நிலையமாகவோ எடுக்கப்பட்ட பாடசாலையின் விடுமுறை பக்கத்துப் பாடசாலையோடு ஒத்துப்போகாது. இரண்டு பிள்ளைகள் இரண்டு பாடசாலையில் படித்தால் இரண்டு திகதியையும் எழுத்தில் வாங்கிய பிறகே ஊருக்குப் போக பஸ்ஸிலோ றெயிலிலோ ஆசனம் பதியுங்கள். வட்ஸ்அப் குழுவில் சுற்றும் திகதியை நம்பி ஆசனம் பதிந்தவர்கள் தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளைத் தவறவிடுவது வருடாவருடம் நடக்கிறது.

தேர்ச்சி அறிக்கை

புள்ளியைப் பார்த்துச் சந்தோசப்படவோ கவலைப்படவோ முன்னால், அறிக்கை வாங்கிய மண்டபத்திலேயே உட்கார்ந்து நான்கு இடங்களைப் பாருங்கள்: பிள்ளையின் முழுப்பெயர், சேர்விலக்கம், வருகை தந்த நாட்கள், அடுத்த தரத்துக்கு வகுப்பேற்றப்பட்டதற்கான குறிப்பும் அதிபரின் முத்திரையும். பிறகு மொத்தப் புள்ளியை நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 40 பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் வகுப்பில் கையால் கூட்டும்போது பிழை வருவது இயல்பு. பிள்ளை சுகமில்லாமல் ஒரு பாடத்துக்குத் தோற்றவில்லை என்றால் அங்கே 'வரவில்லை' என்று இருக்க வேண்டும், பூச்சியம் இருக்கக் கூடாது. சராசரி அதனால்தான் சரிந்துபோகும். பிழையைக் கண்டால் வகுப்பாசிரியரிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். வெட்டித் திருத்திய இடத்தில் அவருடைய சிறு கையொப்பம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கையொப்பம் இல்லாத வெட்டு, வேறு பாடசாலைக்கு மாறும்போது கேள்வியாகும்.

வருகை நாட்கள் உயர்தர வகுப்பில் இன்னும் முக்கியம். பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 சதவீத வரவு கேட்கப்படும். டெங்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்கான மருத்துவச் சான்றிதழ் வீட்டு அலுமாரியில் இருந்தால் இந்த வாரமே கொடுத்து, வரவு இடாப்பில் பதிவாகிறதா என்று பாருங்கள். அடுத்த வருடம் புது ஆசிரியரிடம் பழைய இடாப்பைத் தேடச் சொல்வது அவருக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம்.

பெயர்

எங்கள் பிள்ளைகளுக்கு அதிகம் தொல்லை தருவது இந்த விசயம். பிறப்பத்தாட்சிப் பத்திரம் தமிழில் இருக்கும். பாடசாலையில் சேர்த்த அன்று யாரோ ஒருவர் அதை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். 'த'வுக்கு 'டி' மட்டும் போட்டாரா 'டிஎச்' போட்டாரா, 'வ'வுக்கு எந்த எழுத்து, தகப்பன் பெயர் முதலெழுத்தாக வந்ததா முழுதாக வந்ததா என்பது அன்று யாருக்கும் பெரிதாகப் படாது. கடவுச்சீட்டு எடுக்கும்போது இன்னொரு எழுத்துக்கூட்டல் வந்துவிடும். சாதாரண தர விண்ணப்பத்தில் போகும் பெயர்தான் சான்றிதழில் அச்சாகும். அதற்குப் பிறகு திருத்தப் போனால் அலைச்சல் பல மடங்கு.

ஆகவே 6ஆம் தரத்திலிருந்து 10ஆம் தரம் வரை பிள்ளை வைத்திருப்பவர்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரம், சேர்வு இடாப்பு, தேர்ச்சி அறிக்கை, கடவுச்சீட்டு நான்கிலும் உள்ள பெயரை ஒரே தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். பாடசாலைப் பதிவில்தான் பிழை என்றால் அதிபருக்கு ஒரு கடிதம், பிறப்பத்தாட்சியின் பிரதி, காட்டுவதற்கு மூலம் ஆகியவற்றோடு போகலாம். சேர்வு இடாப்பிலும் தேர்ச்சி அறிக்கையிலும் திருத்தச் சொல்லுங்கள், ஒன்றில் மட்டும் திருத்திவிட்டால் அடுத்த வருடம் பழைய பெயரே திரும்பி வரும். பிறப்பத்தாட்சியிலேயே பிழை என்றால் பிறப்புப் பதியப்பட்ட பகுதியின் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். மாநகருக்குள் இரண்டு பிரதேச செயலகங்கள் உள்ளன. கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் கொழும்பு, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் திம்பிரிகஸ்யாய. பதிவு எந்த ஆஸ்பத்திரிப் பகுதியில் நடந்ததோ அதைப் பொறுத்தே இடம் அமையும், நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டைப் பொறுத்து அல்ல.

15 வயது நிறைந்த பிள்ளைக்குத் தேசிய அடையாள அட்டை விண்ணப்பம் பாடசாலை ஊடாகவே போகும். படத்தைப் பதிவு செய்யப்பட்ட ஸ்டூடியோவில் எடுத்து, அவர்கள் தரும் பற்றுச்சீட்டை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். வழக்கமான கடையில் எடுத்த படம் திருப்பி அனுப்பப்படும். படிவத்தை விடுமுறைக்கு முன் வாங்கினால், விடுமுறையில் படமும் பிறப்பத்தாட்சிப் பிரதியும் தயாராகி முதல் வாரமே கையளித்துவிடலாம்.

9ஆம் தரப் பிள்ளைகளுக்கு மட்டும்

10ஆம் தரத்தில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் எல்லாருக்கும் பொது. மீதி மூன்றை மூன்று தொகுதியிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும். முதல் தொகுதியில் வணிகமும் கணக்கீடும், புவியியல், குடியியல், இரண்டாம் மொழி போன்றவை, இரண்டாவதில் சங்கீதம், பரதம், சித்திரம், நாடகம், இலக்கிய நயம், மூன்றாவதில் தகவல் தொழினுட்பம், விவசாயம், மனைப்பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும் போன்றவை.

தெரிவுப் படிவம் பொதுவாக வருட இறுதியில்தான் வரும். சிநேகிதி எடுத்த பாடம் என்பதற்காக எடுப்பதும், 'புள்ளி இலகுவாக வரும்' என்று கேள்விப்பட்டு எடுப்பதுமே பெரும்பாலான பிழைகள். கையொப்பம் வைக்க முன் வகுப்பாசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பாடத்துக்குத் தமிழ்மொழி மூல ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறாரா? செயன்முறைப் பரீட்சை உண்டா? ஆசிரியர் இல்லாத பாடத்தை எடுத்தால் இரண்டு வருடமும் தனியார் வகுப்புக்குச் செலவு. பரதம், சங்கீதம் போன்ற பாடங்களில் பயிற்சியில்லாமல் 10ஆம் தரத்தில் புதிதாகத் தொடங்குவது கடினம். பிள்ளைக்கு உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு மனதில் இருந்தால் வணிகமும் கணக்கீடும் நல்ல அத்திவாரம். ஜனவரி இறுதிக்குள் மாற்றச் சில பாடசாலைகள் இடம் கொடுக்கும். அதற்குப் பிறகு கேட்பது நியாயமும் இல்லை.

புத்தகங்கள்

அரசாங்கம் 1980 முதல் பாடப்புத்தகங்களை இலவசமாகத் தருகிறது. திருப்பிக் கொடுக்கும் புத்தகம் அடுத்த வருடம் இன்னொரு பிள்ளையின் கைக்குப் போகும் என்பதை மனதில் வைத்துச் செய்யுங்கள். பென்சில் எழுத்தை மென்மையான அழிறப்பரால், பக்கத்தை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரே திசையில் அழியுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் தாள் சுருங்கிக் கிழியும். கிழிந்த பக்கத்துக்கு ஒளிபுகும் ஒட்டுநாடாவை இரு பக்கமும் ஒட்டுங்கள். கழன்ற அட்டைக்கு வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவி, மேலே கனமான புத்தகங்களை வைத்து இரவு முழுக்க விடுங்கள். பிளாஸ்டிக் உறையைப் பசையால் நேரடியாக அட்டையில் ஒட்டியிருந்தால் இழுத்துக் கழற்ற வேண்டாம். அட்டையின் படமே உரிந்து வரும், உறையோடு கொடுப்பது மேல். நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாமல், பக்கங்களுக்கிடையில் பழைய பேப்பர் வைத்து மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். தொலைந்தது என்றால் சேகரிக்கும் நாள் வரை மறைக்காமல் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

நூலகப் புத்தகம், பாண்ட் வாத்தியக் குழு உடை, விளையாட்டுச் சீருடை எல்லாம் இதே வாரத்தில் திரும்ப வேண்டும். விடுகைப் பத்திரம் எடுக்கும் பிள்ளைக்கு இவை முடியாமல் பத்திரம் வராது.

வகுப்பு விருந்து

40 பிள்ளைகளுக்கு 2 கி.கி. கேக் போதும், ஒரு கிலோவை 20 துண்டாக வெட்டலாம். ஆளுக்கு ஒரு மரக்கறி ரோல்ஸ், ஒரு வாழைப்பழம், 200 மில்லிலீற்றர் பானம் என்று பார்த்தால் 8 லீற்றர் வேண்டும். சிந்துவதற்கும் ஆசிரியர்களுக்கும் சேர்த்து 10 லீற்றர் கரையுங்கள். மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் பல வீடுகளில் மச்சம் இல்லை, வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆகையால் எல்லாவற்றையும் மரக்கறியாகவே செய்வது எல்லாரையும் ஒரே மேசையில் இருத்தும். மீன் பணிஸும் முட்டை ரோல்ஸும் காலை 7 மணிக்குக் கொண்டுவந்து 11 மணிக்குப் பரிமாறினால் அந்த வெக்கையில் பழுதாகும். கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளை உண்டா என்று முந்தைய நாளே கேளுங்கள். ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல்கள் 2023 ஒக்டோபர் முதல் தடைசெய்யப்பட்டவை. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு தட்டும் கோப்பையும் கொண்டுவந்தால் குப்பையும் இல்லை, செலவும் இல்லை. சேர்க்கும் காசுக்குப் பற்றுச்சீட்டோ, குறைந்தது ஒரு பெயர்ப் பட்டியலோ இருக்கட்டும். கொடுக்க வசதியில்லாத பிள்ளையின் பெயர் வகுப்பில் வாசிக்கப்படக் கூடாது.

வான், சீசன், சீருடை

வான்காரரிடம் விடுமுறை மாதத்துக்கு முழுக் கட்டணமா அரைவாசியா என்பதை இப்போதே பேசி, குறுஞ்செய்தியாகவாவது பதிவாக வைத்திருங்கள். வான் மாற்றுவதென்றால் ஒரு மாத அறிவித்தல் கொடுப்பதுதான் முறை. இ.போ.ச. பஸ்ஸுக்குச் சீசன் எடுக்கும் பிள்ளைக்கு அதிபர் உறுதிப்படுத்திய படிவம் வேண்டும். அந்தச் சீசன் தனியார் பஸ்ஸில் செல்லாது என்பதைப் புதிதாகப் பஸ்ஸில் போகும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

சீருடைத் துணி கையில் கிடைத்ததும் தைக்கக் கொடுக்காதீர்கள். ஒரு இரவு தண்ணீரில் ஊறவிட்டுக் காயவைத்து, ஸ்திரி போட்ட பிறகே தையற்காரரிடம் போக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது தோய்ப்பில் கவுன் முழங்காலுக்கு மேல் ஏறிவிடும். கீழ் மடிப்பில் 3 அங்குலம் விடச் சொல்லுங்கள், வளரும் பிள்ளைக்கு ஒரு வருடம் தாங்கும். டிசம்பர் நடுவுக்குப் பிறகு நத்தார் உடுப்புகளோடு தையற்கடைகள் நிரம்பிவிடும். சப்பாத்தை மட்டும் கடைசி வாரத்தில் வாங்குங்கள். மேசு போட்டு, பின்னேரத்தில், பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி பார்த்து.

கொப்பிகளுக்குப் புறக்கோட்டை மலிபன் வீதி இன்னமும் நல்ல இடம். நாலைந்து குடும்பம் சேர்ந்து டசின் கணக்கில் வாங்கினால் விலை இறங்கும். ஞாயிற்றுக்கிழமையும் போயா தினத்திலும் பல மொத்தக் கடைகள் பூட்டு. பாடசாலைப் பட்டியல் வரமுன் 200 பக்கக் கொப்பிகளை அடுக்கி வாங்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு பாடவேளை உள்ள பாடத்துக்கு 80 பக்கம் தாராளம். புத்தகப் பையின் பாரம் பிள்ளையின் நிறையில் பத்தில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 30 கிலோப் பிள்ளைக்கு 3 கிலோதான், தண்ணீர்ப் போத்தலும் சேர்த்து.

பூட்டிய பாடசாலையும் நுளம்பும்

சிரமதானத்தைக் கடைசி நாளில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று போகக் கூடாது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள் போதும், மூன்று நான்கு வார விடுமுறையில் இரண்டு தலைமுறை வந்துவிடும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருப்பதால் தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, தூரிகையால் உரஞ்ச வேண்டும். கூரைப் பீலியில் இலை, கொங்கிறீற் தட்டின் பள்ளம், பூச்சாடித் தட்டு, அடுக்கிய உடைந்த கதிரைகளின் குழிகள், விளையாட்டு மைதான ரயர், மேடைக்குப் பின்னால் கிடக்கும் யோகட் கோப்பை, சிரட்டை: தவறவிடப்படும் இடங்கள் இவை. மலசலகூடத் தண்ணீர்த் தாங்கிகளை வாரத்துக்கு ஒருமுறை காவலாளி இழுத்துவிட வேண்டும், கிண்ணங்களை மூட வேண்டும். அபிவிருத்திச் சங்கத்தில் இருவர் பெயரை வாரவாரம் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். பாடசாலை திறக்க மூன்று நாள் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு ஒருமுறை சுற்றிக் காட்டுங்கள். குடம்பி கண்டால் அன்றே அழிக்க நேரம் இருக்கும்.