பட்டை நிப்பில் தமிழ்: காலிகிராஃபி பழகத் தொடங்குவது எப்படி?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் ஒரு மராட்டியத் தாத்தா இருந்தார். பிள்ளையார் சதுர்த்தி வந்தால் அறிவிப்புப் பலகையில் எழுதுவது அவர் வேலை. நாணல் குச்சியின் நுனியைப் பட்டையாக வெட்டி, மையில் தோய்த்து எழுதுவார். அந்தக் குச்சிக்கு மராட்டியில் 'போரு' என்று பெயர். அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பிற்பாடு தமிழில் அப்படி எழுத ஆசைப்பட்டு உட்கார்ந்தால், எனக்குக் கிடைத்த பாடமெல்லாம் ஆங்கிலத்துக்கோ தேவநாகரிக்கோதான் இருந்தது. தமிழிலேயே தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பேனா வாங்க அவசரப்படாதீர்கள்.

படி 1: இரண்டு பென்சில், ஒரு ரப்பர் பேண்ட்

கூராகச் சீவிய இரண்டு பென்சில்களை நுனி சமமாக இருக்கும்படி சேர்த்துக் கட்டுங்கள். இரண்டு நுனிகளும் ஒரு பட்டை நிப்பின் இரண்டு மூலைகள். கோடு இழுத்தால் நிப் எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்பது இரட்டைக் கோடாகத் தெரியும். மை தரும் பாடத்தைவிட இது தெளிவான பாடம். தாளுக்குப் பிள்ளைகளின் கணக்கு நோட்டு போதும், கட்டம் போட்டது.

படி 2: சாய்வு

இதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கட்டத்தின் இடது கீழ் மூலையையும் வலது மேல் மூலையையும் இணைக்கும் குறுக்குக் கோட்டின் மேல் இரண்டு நுனிகளும் உட்கார வேண்டும். அதுதான் 45 டிகிரி. இந்தச் சாய்வை மாற்றாமல் ஒரு கூட்டல் குறி போடுங்கள். நெடுக்கும் கிடையும் ஒரே பருமனாக வந்தால் சரி. நெடுக்கு தடித்துக் கிடை மெலிந்தால், கை 30 டிகிரிப் பக்கம் சரிந்திருக்கிறது. அப்புறம் ஒரு பெருக்கல் குறி. இடது மேலிருந்து வலது கீழே இறங்கும் கோடு முழுப் பருமனோடு வரும். மற்றது மயிரிழையாக வரும்.

முதல் வாரம் எழுத்தே வேண்டாம். நெடுக்கு, கிடை, இரண்டு சாய்வுகள், இடவளைவு, வலவளைவு. தினமும் 20 நிமிடம் இவற்றையே எழுதுங்கள். வளைவில்தான் கை ஏமாற்றும்: வளைவோடு மணிக்கட்டும் சேர்ந்து திரும்பிவிடும். திரும்பக் கூடாது. கை முழுவதும் நகரட்டும், நிப்பின் சாய்வு அப்படியே இருக்கட்டும்.

மும்பையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே பார்க்கக் கிடைக்கும் நல்ல காலிகிராஃபி பெரும்பாலும் தேவநாகரி. மும்பைக் காலிகிராஃபிக் கலைஞர் அச்யுத் பாலவ் போன்றவர்களின் எழுத்தைப் பார்த்து மயங்காமல் இருக்க முடியாது. ஆனால் தேவநாகரியின் மரபுச் சாய்வு நான் மேலே சொன்னதற்கு நேர் எதிர். அங்கே மெலிய வேண்டியது இங்கே தடிக்கும். அந்த வீடியோக்களைப் பார்த்துக் கையைப் பழக்கிவிட்டு, பிறகு மாற்ற எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று.

படி 3: ட, ப, ம

'அ'விலிருந்து தொடங்காதீர்கள். அது கடினமான எழுத்து. ட எளிது: மேலிருந்து கீழே, பிறகு வலப்பக்கம், ஒரே இழுப்பு. ப எழுதும்போது ஒரு பழக்கத்தை விட வேண்டும். சாதாரணமாக நாம் கையை எடுக்காமல் கீழிருந்து மேலே தள்ளி முடிப்போம். பட்டை நிப்பை மேலே தள்ளினால் தாளைக் கீறும், மை தெறிக்கும். அதனால் ட போல எழுதிவிட்டுக் கையை எடுங்கள். வலப்பக்கக் கோட்டை மேலிருந்து கீழே தனியாக இழுத்துச் சேருங்கள். ம-வின் வலப்புற வயிற்றையும் அப்படியே மேலிருந்து வளைத்து இறக்குங்கள்.

பனையோலையில் எழுத்தாணி கீறிய கோடு எந்தப் பக்கம் போனாலும் ஒரே பருமன்தான். நிப்பில் அப்படியில்லை, ஒவ்வொரு திசைக்கும் ஒரு பருமன் உண்டு. அதனால் தெரிந்த எழுத்தையே இழுப்பு இழுப்பாகப் பிரித்து மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இத்தனை வருடம் எழுதிய ப-வை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தேன்.

எழுத்தின் உயரம் நிப்பின் அகலத்தைப் போல 5 மடங்கு. கி, மி போன்றவற்றின் மேல்விலங்குக்கு மேலே 3 மடங்கு, கு, மு போன்றவற்றின் வாலுக்குக் கீழே 3 மடங்கு இடம் விடுங்கள். இது நான் வைத்துக்கொண்ட கணக்கு. கை பழகியதும் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் சொல்லாக 'பட்டம்' எழுதுங்கள். மூன்று எழுத்தும் வந்துவிடும், இரண்டு புள்ளியும் உண்டு. ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். நிப்பிலோ புள்ளிக்குத் தனி அழகு. சாய்வு மாறாமல் நிப்பை வைத்து அதன் அகலம் அளவுக்கு வலது கீழாக இழுத்தால், வைரம்போல் ஒரு சதுரம் விழும்.

படி 4: மையும் தாளும்

பென்சிலில் கை நின்ற பிறகு பேனா. பைலட் பேரலல் என்ற பட்டை நிப் பேனாவில் 3.8 மில்லிமீட்டர் அகல நிப் தொடக்கத்துக்கு நல்லது. எழுத்து 19 மில்லிமீட்டர் உயரம் வரும், தவறுகள் கண்ணில் படும். மெல்லிய நிப் தவறுகளை மறைத்துவிடும். கிராஃபர்ட் மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹ்மான் தெருவின் ஸ்டேஷனரிக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். பவுண்டன் பேனா மை மட்டும் ஊற்றுங்கள். தண்ணீரில் அழியாத டிராயிங் மை உள்ளே காய்ந்து பேனாவை அடைத்துவிடும்.

தாள் 100 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) இருக்கட்டும். மழைக்காலத்தில் இந்த ஊர் ஈரத்துக்கு நல்ல தாளிலும் மை ஊறிப் பரவும். தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூடவே வையுங்கள்.

'பட்டம்' சீராக வந்தால் ய, ர, ச என்று போங்கள். மூன்று சுழி 'ண'வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை நெருக்கி எழுதினால் சுழிகள் மையில் மூழ்கிவிடும். எழுத்தை அகலமாக்கி, ஒவ்வொரு சுழிக்குள்ளும் தாளின் வெள்ளை தெரியும்படி எழுதுங்கள்.