பசையும் ஆணியும் இல்லாமல் ஓர் அடுக்குச் சிற்பம்

பிரிட்டிஷ் சிற்பி டோனி கிராக் 1975-ல் மரத்துண்டு, செங்கல், காங்கிரீட், துணி, அட்டை, காகிதம் என்று கிடைத்ததையெல்லாம் அடுக்கி ஒரு கனசதுரம் செய்தார். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மீட்டர். 'ஸ்டாக்' (Stack, அதாவது அடுக்கு) என்ற அந்தப் படைப்பு இப்போது பிரிட்டனின் டேட் கலைக்கூடத்தின் தொகுப்பில் இருக்கிறது. தூரத்தில் நின்றால் ஒரே கட்டி; கிட்டப் போனால் பாறை அடுக்குகளைப் போல வரிவரியாகப் பிரிந்து தெரியும். எந்தப் பொருளும் தன் அடையாளத்தை இழப்பதில்லை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது இதுதான். அதைப் போல ஒன்றை நீங்களும் வீட்டில் செய்யலாம்; பொருட்களின் அடையாளம் போகாமல் இருக்கப் பெயின்ட் அடிக்க வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

முதல்முறை செய்பவர்களுக்கு ஒன்றரை அடிக் கனசதுரம் போதும். அதுவே நல்ல கனம் இருக்கும், பிறகு நகர்த்த முடியாது. எனவே எங்கே வைக்கப் போகிறீர்களோ அங்கேயே தொடங்குங்கள். தரைத்தளம் நல்லது.

சேகரிப்பு: பழைய நாளிதழ், நோட்டுகள், செங்கல், ஓடு, பலகைத் துண்டுகள், அட்டைப்பெட்டி, பழைய புடவை, வேட்டி. கண்ணாடியையும் உருளும் பொருட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

அடித்தளம்: தரையில் சாக்பீஸால் ஒன்றரை அடிச் சதுரம் வரைந்து, அதே அளவு பிளைவுட் பலகையைப் போடுங்கள். ரசமட்டம் (தளம் சமமாக இருக்கிறதா என்று காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் அடியில் அட்டை செருகுங்கள். இங்கே கால் அங்குலம் சாய்ந்தால் மேலே போகப் போக அது கூடிக்கொண்டே வரும்.

அடுக்குதல்: செங்கலும் கனமான மரமும் அடியில். ஒவ்வொரு வரிசையிலும் முதலில் நான்கு மூலைகள், அப்புறம் ஓரங்கள், கடைசியில் நடு. வெளியே தெரியாது என்று நடுவைக் காலியாக விட்டால் மேல் அடுக்குகள் உள்ளே அமிழ்ந்துவிடும். கொத்தனார் சுவர் கட்டுவதைக் கவனித்திருப்பீர்கள், மூட்டுக்கு நேர் மேலே மூட்டு வராது. இங்கேயும் அப்படியே. நான்கைந்து வரிசைக்கு ஒருமுறை முழு அகலத்துக்கும் ஒரு பலகையையோ கெட்டி அட்டையையோ பரப்பினால் மொத்தமும் பிடித்துக்கொள்ளும்.

நாளிதழில்தான் பலருக்கும் தடுமாற்றம் வரும். மடித்த பக்கம் தடிமன், திறந்த பக்கம் மெலிவு. எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்தால் அடுக்கு கண்டிப்பாகச் சாயும். பத்துப் பத்தாகத் திசை மாற்றி வையுங்கள்.

துணியை இறுக்கி மடித்து, மேலே செங்கல் ஏற்றி ஒரு நாள் விடுங்கள். அமுங்கிய பிறகு மேலே தொடருங்கள்.

முகங்கள்: பார்ப்பவருக்குத் தெரிவது ஓரங்கள் மட்டுமே. புடவைக் கரை, செங்கலின் சொரசொரப்பு, நோட்டின் பழுப்பேறிய விளிம்பு எல்லாம் வெளிப்பக்கம் வரட்டும். அடிக்கடி தள்ளி நின்று, ஒரு நூலில் கனம் கட்டித் தொங்கவிட்டு ஓரம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். துருத்துவதை ஒரு பலகை வைத்து மெல்லத் தட்டினால் போதும்.

உயரம் அகலத்தைத் தாண்ட வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் முழங்கால் உயரத்தோடு நிறுத்திவிடுங்கள். பிரிக்கும்போது மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். பசை படாததால் நாளிதழ் பழைய பேப்பர் கடைக்கும் செங்கல் கொல்லைக்கும் அப்படியே போகலாம்.