எந்த நாட்டுப் பணம்? நேரடி முதலீட்டு அட்டவணையைப் படிக்கும் முறை

இந்தியாவுக்கு 2000 ஏப்ரல் முதல் வந்த அந்நிய நேரடி முதலீட்டைக் கூட்டி மத்திய அரசு வெளியிடும் நாடுவாரிப் பட்டியலில், பல ஆண்டுகளாக மேலே நிற்கும் இரு பெயர்கள் மொரீஷியஸும் சிங்கப்பூரும். 13 லட்சம் பேருக்கும் குறைவாக வாழும் மொரீஷியஸ் தீவுக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடுதான் இத்தகைய அட்டவணை எதையும் படிக்கத் தொடங்க வேண்டும்.

முதலில், எண்ணப்படுவது எது என்று பாருங்கள். பன்னாட்டு வரையறையின்படி, வேறொரு நாட்டு நிறுவனத்தில் குறைந்தது 10 சதவீத வாக்குரிமை இருந்தால் அது நேரடி முதலீடு. அதற்குக் கீழே இருந்தால் பங்குச்சந்தை முதலீடு. பங்கு மூலதனம் மட்டுமல்லாமல், ஈட்டிய லாபத்தை அங்கேயே திரும்பப் போடுவதும், தாய் நிறுவனம் கிளைக்குக் கொடுக்கும் கடனும் இதில் சேரும். அந்தக் கடனைத் தாய் நிறுவனம் திரும்ப வாங்கிக்கொண்டால் ஓராண்டின் வரத்து பூஜ்ஜியத்துக்குக் கீழேகூடப் போகும் என்பதால், ஓராண்டுக் கணக்கை வைத்து ஒரு நாட்டை எடைபோடாமல், அதுவரை சேர்ந்து நிற்கும் இருப்புத் தொகையையும் அருகில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது வழி, பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பட்டியலில் உள்ள நாடு, பணம் கடைசியாக நின்று புறப்பட்ட இடமே தவிர, பிறந்த இடம் அல்ல. 1982இல் கையெழுத்தான வரி ஒப்பந்தத்தின்படி, மொரீஷியஸ் நிறுவனம் இந்தியப் பங்குகளை விற்று அடைந்த லாபத்துக்கு இந்தியாவில் வரி இல்லாமல் இருந்தது. மொரீஷியஸும் அதற்கு வரி வாங்கவில்லை. ஆகவே பிற நாடுகளின் பணமும், வெளியே போய்ச் சுற்றித் திரும்பிய இந்தியப் பணமும் அவ்வழியே வந்தன. 2016இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளுக்கு இந்தியா வரி விதிக்கத் தொடங்கியது. ஆகவே அந்த ஆண்டுக்கு முந்தைய எண்களையும் பிந்தைய எண்களையும் ஒன்றாகக் கூட்டிப் படிப்பது சரியல்ல என்பது என் கருத்து.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கதை அல்ல. உலக நேரடி முதலீட்டில் ஏறத்தாழ 40 சதவீதம், அதாவது சுமார் 15 லட்சம் கோடி டாலர், உண்மையான தொழில் எதையும் செய்யாத வெற்றுக் கூடு நிறுவனங்களில் நிற்கிறது என்று சர்வதேச நாணய நிதியத்தின் இதழில் 2019இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அப்போது சுமார் ஆறு லட்சம் பேர் வாழ்ந்த லக்ஸம்பர்க்கின் கணக்கில் மட்டும் 4 லட்சம் கோடி டாலர் இருந்தது. அது அமெரிக்காவுக்கு வந்த முதலீட்டுக்கு நிகர். எனவே, கிடைக்கும் இடங்களில் 'இறுதி முதலீட்டாளர்' (பணம் உண்மையில் யாருடையதோ அவர்) அடிப்படையிலான அட்டவணையைத் தேடி எடுங்கள். அது கிடைக்காவிட்டால் லக்ஸம்பர்க், நெதர்லாந்து, கேமன் தீவுகள் போன்ற பெயர்களைத் தனியே பிரித்து வைத்துவிட்டு மற்றவற்றை ஒப்பிடுங்கள்.

கடைசியாக, பணம் என்ன வேலை செய்தது என்று கேளுங்கள். புதிய ஆலை கட்ட வந்த பணமும், இருக்கும் நிறுவனத்தைக் கைமாற்றிய பணமும் ஒரே பெயரில்தான் பேசப்படுகின்றன. 2018இல் வால்மார்ட் 1,600 கோடி டாலருக்குப் பிளிப்கார்ட்டின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. வாங்கியது அமெரிக்க நிறுவனம். தொழில் நடப்பது இந்தியாவில். பிளிப்கார்ட்டின் தாய் நிறுவனம் அப்போது பதிவாகியிருந்ததோ சிங்கப்பூரில். அந்தத் தொகையில் தொழிலுக்கென்று புதிதாக வந்தது 200 கோடி டாலர். மீதி, பழைய பங்குதாரர்களிடமிருந்து பங்கை வாங்கக் கொடுத்த விலை.