மியார் பள்ளத்தாக்கு, காங் லா கணவாய்: கிளம்பும் முன்பே செய்துவிடும் தவறுகள்

கேதார்காண்டா, ஹம்டா கணவாய் என்று ஒன்றிரண்டு ட்ரெக் முடித்தவர்கள் அடுத்ததாகக் கூட்டமே இல்லாத இடம் ஒன்றைத் தேட ஆரம்பிப்பார்கள். அப்படித் தேடும்போது வந்து நிற்கும் பெயர்களில் ஒன்று மியார். இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில் உதய்பூர் என்ற சிற்றூர் இருக்கிறது. மியார் நாலா என்ற ஓடை சந்திரபாகா ஆற்றில் கலக்கும் இடம் அது. அங்கிருந்து வடக்கே, பூத்துக் கிடக்கும் புல்வெளிகள் வழியாக ஏறி, 25 கிலோமீட்டருக்கு மேல் நீளமான மியார் பனியாற்றின் மீது நடந்து, சுமார் 5,450 மீட்டர் உயரத்தில் காங் லாவைத் தாண்டினால் மறுபக்கம் லடாக்கின் ஸான்ஸ்கர். முடியும் ஊர் பதும். எட்டு முதல் பத்து நாள் நடை.

பாதை அழகானது, சந்தேகமில்லை. ஆனால் இதை ஹம்டாவின் நீளமான பதிப்பு என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கூட்டம் இருக்கும் பாதையில் நாம் செய்யும் தவறை வேறு யாராவது சரிசெய்துவிடுவார்கள். வழி தவறினால் பின்னால் வரும் குழு கூப்பிடும், தலைவலிக்கு அடுத்த டென்ட்டில் மாத்திரை கிடைக்கும், பசித்தால் மேகி கடை இருக்கும். மியாரில் கஞ்சர் என்ற கடைசிக் கிராமத்தைத் தாண்டிவிட்டால் ஸான்ஸ்கர் பக்கம் இறங்கும்வரை நம் குழுவை விட்டால் வேறு ஆள் கிடையாது. கோடையில் ஆடு மேய்க்க வரும் கத்தி (Gaddi) இன இடையர்கள் மட்டும் விதிவிலக்கு. கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் வேறு இடத்தில் சின்னத் தவறுகளாகவே போய்விடும்.

சுரங்கப்பாதை செய்த வேலை

முன்பு மணாலியிலிருந்து லாஹௌல் போக 3,978 மீட்டர் ரோத்தாங் கணவாயில் ஏறி இறங்க வேண்டும். பனியும் வாகன நெரிசலும் சேர்ந்து ஒரு நாளைத் தின்றுவிடும், பலரும் வழியில் ஓர் இரவு தங்குவார்கள். 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்தது. இப்போது மணாலியில் காலை டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மதியத்துக்கு மேல் உதய்பூரில் இருக்கலாம். அன்றைக்கே ஜீப் பிடித்து மியார் பள்ளத்தாக்கிலுள்ள உர்கோஸ் கிராமம் வரைக்கும் போய்விடவும் முடியும்.

வசதிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையில் விமானம் ஏறியவர் சண்டிகரில் இறங்கி, இரவு பஸ்ஸில் மணாலி வந்து, மறுநாளே உர்கோஸில் 3,200 மீட்டருக்கு மேல் படுத்திருப்பார். தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். உடம்பு இந்த உயரத்தைப் பார்த்ததே இல்லை, பழகிக்கொள்ள நாமும் இரண்டு ராத்திரி கூடக் கொடுக்கவில்லை.

3,000 மீட்டருக்கு மேலே போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் அதே உயரத்தில் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. மியாரில் தொடக்கத்தில் பள்ளத்தாக்கு மெதுவாகத்தான் ஏறும், அதனால் இந்த அளவைக் கடைப்பிடிப்பது கஷ்டமில்லை. லீவு நாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று முதல் நாளிலேயே அடிப்படையைக் கெடுத்துக்கொள்வதுதான் பிரச்சினை. மணாலியில் ஒரு நாள், உதய்பூரில் ஒரு நாள் சும்மா இருங்கள். மிருகுலா தேவி கோயிலின் மரச் சிற்பங்களைப் பார்க்கலாம், திரிலோகிநாத் போய் வரலாம். பொழுது போகாது என்ற பயமே வேண்டாம்.

டயமாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. அது உடம்பு உயரத்துக்குப் பழகுவதை வேகப்படுத்தும் மாத்திரை. தலைவலியை மறைத்துக்கொண்டு மேலே ஏறுவதற்கான அனுமதிச் சீட்டு இல்லை. வழக்கமாகச் சொல்லும் தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். மாத்திரை போட்டும் ஒருவர் தள்ளாடி நடந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ பேச்சே கிடையாது, இறங்க வேண்டியதுதான். இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பனியாற்றின் நடுவில் ஒருவருக்கு இப்படி ஆனால் சட்டென்று இறங்க வழியே இல்லை, கிடைமட்டமாகப் பல கிலோமீட்டர் நடந்தால்தான் உயரம் குறையும். ஆகவே சந்தேகம் இருந்தால் முடிவைப் பனியாற்றில் காலை வைக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

பெயரும் ஜிபிஎஸ் கோடும்

காங் லா என்று தேடினால் நேபாளத்தின் நார்-பூ பகுதியில் உள்ள இன்னொரு காங் லாவும் வந்து விழும். அது 5,300 மீட்டரை ஒட்டியது, பனியாற்று நடையும் அங்கே கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘பெரிய கஷ்டமில்லை, ஷூ இருந்தால் போதும்’ என்ற குறிப்பை நம்பினால் கதை கந்தல். உதய்பூர் என்று சொன்னதும் ராஜஸ்தானுக்கு ஹோட்டல் போடும் வேடிக்கை வேறு தனி.

சரியான காங் லாவுக்கே ஜிபிஎஸ் பதிவு கிடைத்தாலும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது. பனியாறு நகர்ந்துகொண்டே இருப்பது. மூன்று வருடம் முன்பு யாரோ நடந்த கோட்டில் இன்றைக்குப் பனிப்பிளவு வாயைத் திறந்திருக்கலாம். பள்ளத்தாக்கின் திசைக்கு அந்தக் கோடு போதும், அடுத்த அடிக்கு அது உதவாது. அதற்கு அந்த வருடமோ முந்தைய வருடமோ கணவாயைத் தாண்டிய கைடு வேண்டும். கைடை அமர்த்தும்போது ‘மியார் தெரியுமா’ என்று கேட்காதீர்கள், தெரியும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ‘கடைசியாக எந்த மாதம் காங் லாவைத் தாண்டினீர்கள், எந்தப் பக்கமாகப் பனியாற்றில் ஏறினீர்கள்’ என்று கேளுங்கள்.

கோவேறு கழுதைக் கணக்கு

பட்ஜெட் போடும்போது நடக்கும் தவறு இது. மூட்டையைக் கோவேறு கழுதைகள் சுமக்கும் என்று நினைத்துக் கூடாரம், கேஸ், மேசை நாற்காலி வரை கட்டிக்கொள்வார்கள். கழுதைகள் புல்வெளி முடியும்வரைதான் வரும். பனியாற்றில் அவற்றை நடத்த முடியாது. அங்கிருந்து மறுபக்கம் இறங்கும்வரை எல்லாச் சுமையும் மனிதர்களின் முதுகில்தான். அதற்குத் தேவையான போர்ட்டர்களைத் தொடக்கத்திலிருந்தே கூட்டி வர வேண்டும், வழியில் ஆள் கிடைக்காது. ஆள் குறைந்தால் என்ன ஆகும்? இருக்கும் போர்ட்டர்களின் முதுகில் கூடுதல் மூட்டை ஏறும், அல்லது சாப்பாட்டில் பாதியை விட்டுவிட்டுப் போக வேண்டிவரும். இரண்டும் நடப்பதுதான்.

போர்ட்டர்களுக்கும் கறுப்புக் கண்ணாடி, கையுறை, நல்ல ஷூ, தூங்கும் பை இருக்கிறதா என்று உதய்பூரிலேயே பிரித்துப் பாருங்கள். பனி வெளியில் ஒரு நாள் கண்ணாடி இல்லாமல் நடந்தால் அன்றிரவே கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும், மறுநாள் கண் திறக்காது. வழிகாட்டுகிறவருக்கே அப்படி ஆனால் குழுவின் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். சம்பளம் பேசும்போது கறாராக இருப்பவர்கள் இந்தச் சோதனையை மட்டும் மறந்துவிடுவது எனக்குப் புரிந்ததே இல்லை.

ஓடை கடப்பது

கணவாயைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். என் கருத்தில் இந்தப் பாதையில் அதிகம் பயப்பட வேண்டியது பக்கவாட்டில் வந்து சேரும் ஓடைகளுக்கு. பாலம் இல்லாத பனிநீர் ஓடைகள் அவை. காலை ஆறு மணிக்குக் கல்லுக்குக் கல் தாண்டிப் போய்விடக்கூடிய ஓடை, நாள் முழுக்க வெயிலில் பனி உருகியதும் மாலை நான்கு மணிக்குத் தொடை அளவு ஓடும். தண்ணீர் சிமென்ட் கரைத்த நிறத்தில் இருக்கும், அடி தெரியாது. கொஞ்சம் காது கொடுத்தால் உள்ளே ‘டொக், டொக்’ என்று கேட்கும். அடியில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டால் இறங்கக் கூடாது. டென்ட்டைப் போட்டுவிட்டு விடியும்வரை காத்திருப்பதுதான் வழி.

முகாமை ஓடைக்கு எந்தப் பக்கம் போடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘இன்றைக்கு நன்றாக நடந்துவிட்டோம், ஓடைக்கு முன்னால் தங்கலாம், பின்னால் தங்கினாலும் ஒன்றுதான்’ என்று நினைப்பார்கள். காலையில் வந்து சேர்ந்தால் கடந்துவிட்டுத் தங்குங்கள். மாலையில் வந்தால் கடக்காமல் தங்குங்கள்.

கடக்கும் விதத்திலும் சில விஷயங்கள் உண்டு. இருப்பதிலேயே குறுகலான இடத்தைத் தேடாதீர்கள், அங்கேதான் ஆழமும் வேகமும் அதிகம். ஓடை பல கிளையாகப் பிரிந்து அகலமாக ஓடும் இடத்தைத் தேடுங்கள். முதுகுப் பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடிய வேண்டும். வெறுங்காலில் இறங்காதீர்கள். குளிரில் பாதம் மரத்துப்போகும், கல்லிடுக்கில் மாட்டியதுகூடத் தெரியாது. பட்டை வைத்த செருப்பு ஒன்று இதற்கென்றே வேண்டும். நீரோட்டம் வரும் பக்கம் பார்த்து நின்று, கம்பை ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகர வேண்டும். மூன்று நான்கு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து கடந்தால் இன்னும் நல்லது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவது பாதுகாப்பு போலத் தோன்றும். விழுந்தவரை அந்தக் கயிறே தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்துவிடும்.

கத்தி இடையர்களின் முகாம் பக்கத்தில் இருந்தால் ஓடையின் நிலவரத்தை அவர்களிடம் கேளுங்கள். நாளும் ஆட்டு மந்தையோடு கடப்பவர்கள், அவர்களை விடச் சரியான தகவல் யாரிடமும் இல்லை. ஆனால் இருட்டிய பிறகு அந்தப் பக்கம் போகாதீர்கள், அவர்கள் நாய்கள் கரடியையே விரட்டப் பழகியவை. பகலிலும் தூரத்திலிருந்தே குரல் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

பனியாறும் வானிலையும்

மியார் பனியாற்றின் கீழ்ப்பகுதி பார்க்கப் பனிபோலவே இருக்காது. கல்லும் மண்ணும் மூடிய மேடு பள்ளம், அடியில் பனிக்கட்டி. வரைபடத்தில் ஐந்து கிலோமீட்டர் என்று பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். ஆடும் கற்களின் மேல் அதற்கு அரை நாளுக்கு மேல் ஆகும். மேலே போகப் போகக் கல் குறைந்து வெறும் பனிக்கட்டி வரும். அங்கே பிளவுகள் கண்ணுக்குத் தெரியும், சுற்றிப் போகலாம். கணவாயை நெருங்கும்போது பனி படர்ந்த பகுதி வரும், பிளவுகள் அதன் அடியில் ஒளிந்திருக்கும். அங்கே கயிற்றில் கோத்து நடக்காமல் ‘தடம் தெரிகிறதே’ என்று ஆளாளுக்குப் போவது உயிரோடு விளையாடுவது. பனி இறுகியிருக்கும் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே கிளம்பிவிட வேண்டும்.

லாஹௌல் மழை மறைவுப் பகுதி, அதனால் மழையே வராது என்று நம்பி மழைக்கோட்டை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. 2021 ஜூலைக் கடைசியில் இதே லாஹௌலில் பெருமழை பெய்து ஓடைகள் பெருகின. உதய்பூர் பக்கம் போன சுற்றுலாப் பயணிகள் பல நாள் சிக்கிக்கொண்டார்கள். அதே வருடம் அக்டோபரில் உத்தராகண்டின் ஹர்சிலிலிருந்து லம்காகா கணவாய் வழியாக இமாச்சலின் சித்குல் போன ஒரு குழு பனிப்புயலில் மாட்டிப் பலர் இறந்தார்கள். செப்டம்பர் பாதிக்குமேல் காங் லாவைத் திட்டமிடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும். அட்டவணையில் உபரியாக இரண்டு நாள் இல்லையென்றால், வானம் மோசமாக இருக்கும் நாளிலும் ஏறத்தான் தோன்றும்.

போன், சாப்பாடு, இன்சூரன்ஸ்

வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் கவனிக்க வேண்டியது: சாட்டிலைட் போனும், கார்மின் இன்ரீச் போன்ற சாட்டிலைட் செய்திக் கருவிகளும் இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதி இல்லாமல் சட்டவிரோதம். விமான நிலையத்திலேயே வழக்கு வரை போயிருக்கிறது. வெளிமாநிலப் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, ஆகவே பதுமில் இறங்கியதும் வீட்டுக்குப் பேச குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். எந்தத் தேதிக்குள் போன் வரவில்லையென்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, உதய்பூரில் போலீஸிடம் குழுவின் பெயர்ப் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போங்கள். நேபாளம்போல இங்கே காசு கட்டினால் உடனே ஹெலிகாப்டர் வராது. மாவட்ட நிர்வாகம் கேட்டு விமானப்படை வர வேண்டும், அதற்கு வானமும் ஒத்துழைக்க வேண்டும். இன்சூரன்ஸ் எடுத்தால் உயர வரம்பைப் படியுங்கள், பல பாலிசிகள் இந்த உயரத்துக்கு வெகு கீழேயே நின்றுவிடும்.

சாப்பாடு நம் ஆட்களுக்கு ஒரு பிரச்சினை. 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி வேகாது, கேஸ்தான் தீரும். பனியாற்று முகாம்களுக்கு அவல், சத்துமாவு, ரவை போதும்.

கணவாய்க்குப் பிறகு

காங் லாவில் கொடிக்குப் பக்கத்தில் போட்டோ எடுத்ததும் ட்ரெக் முடிந்துவிட்டதாக எல்லோருக்கும் ஒரு நினைப்பு வந்துவிடும். கீழே தேமாசா நாலா இன்னும் இருக்கிறது. கணவாயைத் தாண்டிய களைப்போடு, பிற்பகல் வெள்ளத்தில் அதன் ஓடைகளைக் கடக்கப் பார்ப்பதைத் தவிர்த்து இன்னும் ஓர் இரவு தங்குங்கள். நாலாவின் கீழ்முனையில் பர்தான் மடாலயம், அங்கிருந்து வண்டிச் சாலையில் பதும்.

பதுமில் இறங்கிய மறுநாளே லேயிலிருந்து விமானம் என்று டிக்கெட் போட்டிருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பதுமிலிருந்து கார்கில் வழியாக லே போக இரண்டு நாள் ஒதுக்க வேண்டும். ஷிங்கு லா வழியாக மணாலி திரும்பினால் அது 5,000 மீட்டருக்கு மேலான இன்னொரு கணவாய், பனி விழுந்தாலோ ஓடை சாலையை அடித்துக்கொண்டு போனாலோ வண்டி அங்கேயே நிற்கும். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள், அப்புறம் ஆபீஸில் கேட்கும் லீவிலும் மூன்று நாள் கூடக் கேளுங்கள்.